மலைத் தோட்டத்தில் ஒரு தபால் பை

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் ஸ்ட்ராபெரிப் பழத்தைச் சொல்வார்கள், குளிரைச் சொல்வார்கள், சீப்பால் வாரிவிட்டது போல் வரிவரியாக நிற்கும் தேயிலைச் சரிவுகளைச் சொல்வார்கள். சாலையோரத்துத் தொலைபேசிக் கம்பத்தைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கம்பத்தைப் பற்றியது. அதன் மேல் போன கம்பி வழியாக, வந்தும் வராமலும் இருந்த இணைப்பில், தோட்டத்து மக்கள் மின்னஞ்சல் அனுப்பிய விதத்தைப் பற்றியது. கேட்பதற்குச் சிறிய விஷயம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே ஒரு விடியற்காலையில் அந்தக் கம்பியில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

தாப்பாவிலிருந்து மேலே

தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். தூரம் என்னவோ குறைவுதான். ஆனால் வளைவுகளை எண்ணத் தொடங்கினால் பாதி வழியிலேயே கணக்குத் தவறிவிடும். பஸ்ஸில் முன் இருக்கையில் உட்காரும் தாய்மார்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவார்கள். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியைத் தாண்டினால் காற்று மாறுவது தெரியும். வழிநெடுக செமாய் பூர்வகுடி மக்கள் பெத்தாய்க் காயும் தேனும் மூங்கில் குருத்தும் வைத்து விற்கும் சிறு கொட்டகைகள். பேராக் முடிந்து பகாங் தொடங்கும். பிறகு ரிங்லெட் பட்டணம் வரும்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதை இந்த மலையிலுள்ள மாரியம்மன் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சாலை போன வழியில்தான் தொலைபேசிக் கம்பியும் போனது. ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம். நவம்பர், டிசம்பர் மழையில் மண் சரியும், மரம் சாயும். மரம் சாலையில் விழுந்தால் பஸ் நிற்கும். கம்பியில் விழுந்தால் பேச்சு நிற்கும். மரமே விழாவிட்டாலும், கம்பி இணைப்பில் தண்ணீர் இறங்கினால் போதும், காதில் வைத்த தொலைபேசியில் கடுகு தாளிக்கும் சத்தம்தான் கேட்கும்.

ஒரே ஒரு லைன்

2000ஆம் ஆண்டில் நான் தற்காலிக ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த தோட்டம் ரிங்லெட்டிலிருந்து உள்ளே விலகிப் போகும் பாதையில் இருந்தது. தொழிற்சாலை, ஆபீஸ், கோயில், ஆயாக்கொட்டகை, இரண்டு வரிசை லயம், மேட்டில் பள்ளிக்கூடம். தோட்டத்துக்கு மொத்தம் ஒரே ஒரு தொலைபேசி லைன். அது ஆபீஸில் இருந்தது. அதிலிருந்து ஒரு கிளை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. இங்கே எடுத்தால் அங்கே கேட்கும். அங்கே எடுத்தால் இங்கே கேட்கும்.

கடிதப் போக்குவரத்துக்குத் தபால் பை இருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காக்கி நிறக் கெட்டித் துணிப் பை. எழுதி முடித்த கடிதங்களை முதல் நாள் மாலையே ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். காலையில் ஆபீஸ் பையன் மோட்டார் சைக்கிளில் பையை ரிங்லெட் தபால் நிலையத்துக்குக் கொண்டு போவார். வந்த கடிதங்களோடு மதியம் திரும்புவார். பாதையில் மண் சரிந்தால் பை போகாது. ஆனால் பைக்குள் போட்ட கடிதம் எங்கேயும் தொலையாது. பாதை திறந்ததும் போகும்.

ஆபீஸில் கணக்கு எழுதுவதற்காக ஒரு கணினியை வாங்கி வைத்தார்கள். கூடவே மோடம் என்ற சிறு பெட்டியும் வந்தது. பெரிய கிராணியார் ஐம்பதைத் தாண்டியவர். பேரேட்டுப் புத்தகத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அவர்தான் அதை முதலில் கற்றுக்கொண்டார். மின்னஞ்சல் என்றால் என்ன என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்:

“டீச்சர், இதுவும் தபால் பைதான். பையனும் மோட்டார் சைக்கிளும்தான் இல்ல.”

இருபது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கணினிக்குத் தெரிந்தது ஒன்று, சுழியம் என்ற இரண்டே இலக்கம். தொலைபேசிக் கம்பிக்குத் தெரிந்தது ஓசை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் துபாஷிதான் மோடம். எண்ணைச் சுழற்றியதும் அந்தப் பக்கத்து மோடம் எடுக்கும். உடனே இரண்டும் கீச்சென்றும் கரகரவென்றும் சத்தம் போடும். சண்டை போடுவது போலிருக்கும். உண்மையில் அது சண்டையில்லை. “இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும்? எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம்?” என்று ஒன்றையொன்று கேட்டு முடிவு செய்துகொள்கின்றன. கம்பி நன்றாக இருந்தால் வேகமாகப் பேசும். கரகரத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எங்கள் பெட்டியின் மேல் 56,000 என்று அச்சிட்டிருந்தது. அது ஒரு விநாடியில் வாங்கக்கூடிய பிட்டுகளின் கணக்கு. ஆனால் பட்டணத்துத் தொலைபேசி நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு வேகம் குறையும். தோட்டத்துக்கு நல்ல நாளில் 26,400 கிடைத்தது. விநாடிக்கு ஏறக்குறைய 3,000 எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு பக்கக் கடிதம் போய்ச்சேர ஓரிரு விநாடி போதும். படித்துப் பாருங்கள்: எழுத ஒரு மணி நேரம், அனுப்ப ஒரு விநாடி!

இங்கேதான் தபால் பையின் அருமை தெரிகிறது. இணைப்பில் இருந்துகொண்டே கடிதம் எழுதினால் எழுதும் நேரம் முழுவதும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். தோட்டத்தின் ஒரே லைனும் அடைபட்டுக் கிடக்கும். ஆகவே கிராணியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற நிரல் இருந்தது. இணைப்பே இல்லாமல் அதில் கடிதத்தை எழுதலாம். ‘அனுப்பு’ என்று சொன்னதும் கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ என்ற பெட்டிக்குள் போய் வரிசையில் நிற்கும். நாள் முழுவதும் சேர்ந்த கடிதங்களை விடியற்காலை ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு முன்பு, இணைப்பை எடுத்து ஒரே மூச்சில் அனுப்பிவிடுவார். வந்திருக்கும் கடிதங்களையும் அதே மூச்சில் இறக்கிக்கொள்வார். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாவகாசமாகப் படிப்பார்.

அனுப்பும்போது இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை வேடிக்கையானது. நாம் தொலைபேசியில் பேசுவது போலவே அவையும் ‘ஹலோ’ என்றுதான் தொடங்குகின்றன. இன்னாரிடமிருந்து வருகிறது, இன்னாருக்குப் போகிறது என்று சொல்லி, கடிதத்தைப் படித்துக் காட்டி, கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கும். புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பக்கத்துக் கணினி கடிதத்தைப் பத்திரமாக வாங்கி வைத்த பிறகு 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லும். ரசீது மாதிரி. ரசீது வந்தால்தான் கடிதம் அவுட்பாக்ஸைவிட்டு நகரும். நடுவில் லைன் அறுந்தால் கடிதம் பெட்டியிலேயே இருக்கும். அடுத்த முறை முதல் எழுத்திலிருந்து மறுபடி போகும். இந்த நடைமுறையை 1982இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோனதன் போஸ்டல் எழுதி வைத்தார். லைன் அறுவது இயற்கை, கடிதம் தொலையக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

இதில் ஒரு சிறு விசித்திரமும் உண்டு. புள்ளி போய்ச் சேர்ந்து, ரசீது திரும்பி வருவதற்குள் லைன் அறுந்துபோனால் என்ன ஆகும்? அங்கே கடிதம் கிடைத்துவிட்டது. இங்கே கிடைக்கவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவோம். ஒரே கடிதம் இரண்டு முறை போய்ச்சேரும். தொலைவதைவிட இரண்டு முறை போவது மேல் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் தர்மம்.

இங்கிலீஷ் எழுத்தில் அம்மாவின் கடிதம்

தோட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுதப் படிக்க வராது. கணவர் தொழிற்சாலையில் வேலை செய்தார். மூத்த மகள் படித்துத் தேறிக் கோத்தா கினாபாலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளை அவள். நடுவில் கடல். சபாவுக்குப் போன கடிதத்துக்குப் பதில் வரப் பல நாள் ஆகும். தொலைபேசியில் பேசினால் காசு தண்ணீராய்ப் போகும்.

வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா ஆபீஸுக்கு வந்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் எழுதுவேன். முதல் வாரம் ஓர் இடைஞ்சல் வந்தது. அப்போதெல்லாம் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால் வாங்குகிறவரின் கணினியிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் கோணல்மாணலாக ஏதோ குறிகள்தான் தெரியும். பல்கலைக்கழகக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆகவே தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதினேன். அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், நான் தமிழ்ல சொல்றேன், நீங்க இங்கிலீஸ்ல எழுதுறீங்க?”

“தமிழ்தான்க்கா. எழுத்துதான் இங்கிலீஸ்.”

“எம்மக அதப் படிச்சா எங்குரல் கேக்குமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் வழி இருந்தது. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே தமிழுக்கு முரசு என்ற நிரலை எழுதினார்; பின்னாளில் முரசு அஞ்சல் என்று பெயர் பெற்று உலகெங்கும் தமிழர்களின் மின்னஞ்சலுக்கு அது கைகொடுத்தது. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார்; ‘இணையம்’ என்ற சொல்லையே அவர் தந்ததாகச் சொல்வார்கள். இவர்களைப் போன்றவர்களின் உழைப்பு எங்கள் மலைத் தோட்டம் வரைக்கும் எட்டியது. விடுமுறையில் வந்த மகள் எழுத்துருவை ஒரு டிஸ்கெட்டில் எடுத்துப் போனாள். கணினிக் கூடத்துப் பொறுப்பாளரிடம் கேட்டு ஒரு கணினியில் அதை ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மாவின் கடிதம் தமிழிலேயே போனது. மகள் ஒவ்வொன்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் மழை

2001, நவம்பர் மாதம். தீபாவளி முடிந்திருந்தது. மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கல்விக் கடன் விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்; அப்பாவின் சம்பள விவரம், அடையாளக் கார்டு எண்கள், தம்பி தங்கைகளின் பிறந்த தேதி எல்லாம் உடனே தேவை. கடன் கிடைக்காவிட்டால் அடுத்த தவணைக்குக் கட்டப் பணமில்லை. திரும்பி வரவேண்டியதுதான். இதை அவள் இரண்டே வரியில் எழுதியிருந்தாள்.

கிராணியார் சம்பள ஏட்டைப் பார்த்து விவரங்களைச் சொன்னார். நான் எழுதினேன். வியாழக்கிழமை மாலையே கடிதம் அவுட்பாக்ஸில் ஏறிவிட்டது. அன்று இரவு மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் மூச்சுப் பேச்சு இல்லை. சனிக்கிழமையும் இல்லை. பாதையில் மண் சரிந்து தபால் பையும் போகவில்லை. அக்கா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆபீஸ் வாசலில் நின்று கேட்பார்.

“டீச்சர், லைன் வந்துருச்சா?”

“மழ விட்டா வந்துரும்க்கா. கடுதாசி உள்ள பத்திரமா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கிராணியார் ஆள் அனுப்பினார். தொலைபேசியில் கரகர சத்தத்தோடு உயிர் வந்திருந்தது. போய்ப் பார்த்தால் அக்காவும் அவர் கணவரும் எனக்கு முன்பே தலையில் துண்டோடு வந்து நின்றிருந்தார்கள். மோடம் சத்தம் போட்டது. இணைப்புக் கிடைத்தது. அனுப்பத் தொடங்கியது. நாலு நிமிடம் கழித்து லைன் அறுந்தது. மறுபடி எண்ணைச் சுழற்றினார். மறுபடி நாலு நிமிடத்தில் அறுந்தது.

கிராணியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். வரிசையில் முதல் ஆளாக ஒரு புகைப்படம் நின்றது. லாரி டிரைவர் வீட்டுக் கல்யாணப் படம். சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காகப் பட்டணத்தில் கணினிப் படமாக மாற்றி வந்தது. அளவு 900 கிலோபைட். மின்னஞ்சலில் ஏற்றும்போது படத்தை எழுத்தாக மாற்ற வேண்டியிருப்பதால் மூன்றில் ஒரு பங்கு கூடி 1,200 ஆகிவிடும். நல்ல நாளிலேயே அதற்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் வேண்டும். லைனோ நாலு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. பாதி போய் அறுவதும், முதலிலிருந்து தொடங்குவதுமாக அந்தப் படம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கிலோபைட் கடிதம் ஒன்று காத்திருந்தது.

டிரைவர் அப்போதுதான் லாரியைச் சூடேற்ற வந்திருந்தார். கிராணியார் நினைத்தால் படத்தைத் தாமே எடுத்து அப்புறப்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வெளியே போய்க் கேட்டார்.

“தம்பி, உங்க கல்யாணப் படம் ஒரு ரெண்டு நாள் பொறுத்துப் போகட்டுமா? அக்கா மகளுக்குக் கடுதாசி போகணும்.”

“படம் எங்கங்க ஓடிறப் போகுது? கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே. மொதல்ல கடுதாசியத் தள்ளுங்க” என்றார் டிரைவர்.

படத்தை வரிசையிலிருந்து எடுத்து வைத்தார்கள். மறுபடி எண்ணைச் சுழற்றினார். இந்த முறை லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் கடிதத்துக்கு ஒரு நிமிடம் தேவைப்படவில்லை. பெட்டி காலியாகுமா என்று பார்த்தோம். கடிதம் இன்னும் அதிலேயே இருந்தது. இன்னொரு முறை முயன்றதும் பெட்டி காலியானது.

செவ்வாய்க்கிழமை மகளின் பதில் வந்தது. “அம்மா, ஒரே கடிதம் ரெண்டு தடவை வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமையே பார்த்துட்டேன். பாரத்தைக் கொடுத்துட்டேன்.” முதல் முறையே கடிதம் போயிருக்கிறது, ரசீது மட்டும் திரும்பி வரவில்லை. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். “ரெண்டு தடவ சொன்னாத்தான் அவளுக்கு எப்பவுமே காதுல ஏறும்” என்றார்.

கடன் கிடைத்தது. அந்தப் பெண் படித்து முடித்தாள். இன்று சிரம்பானில் வேலை செய்கிறாள். அக்கா காலமாகிச் சில வருஷம் ஆகிறது. தாயின் கையெழுத்தில் மகளிடம் ஒரு கடிதம்கூட இல்லை. தாயின் பேச்சு மட்டும் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது.

கல்யாணப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைச் சிறிதாக்கி அடுத்த வாரம் அனுப்பினோம். சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு மணப்பெண்ணின் முகம் தெளிவாகவே தெரிந்ததாம்.

மோட்டார் சைக்கிளில் போன மின்னஞ்சல்

இப்படிச் சேர்த்து வைத்து அனுப்புவது எங்கள் தோட்டத்துக் கிராணியார் கண்டுபிடித்த வித்தையல்ல. கணினிக் கடிதம் வளர்ந்ததே இந்த வழியில்தான். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் வலையஞ்சலை அனுப்பி, முகவரியில் அந்தச் சுழித்த ‘அட்’ குறியை வைத்தார். 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ஃபைடோநெட் என்ற வலையைத் தொடங்கினார். பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைத்து, கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கட்டாகக் கொடுத்துவிடும். நம் நாட்டிலும் 1980களின் இறுதியில் மிமோஸ் நிறுவனம் ரங்கோம் என்ற வலையைத் தொடங்கிப் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியே இணைத்தது. 1992இல் ஜாரிங் வந்தது. 1996இல் டிஎம் நெட் வந்தது. அந்த ஜாரிங் 2015இல் மூடப்பட்டுவிட்டது.

கம்பியே போகாத ஊர்களில் என்ன செய்வது? கம்போடியாவில் ரத்தனகிரி என்ற மலை மாநிலம் இருக்கிறது. நமக்குப் பழக்கமான ரப்பர்த் தோட்டங்கள் அங்கேயும் உண்டு. 2003இல் அங்குள்ள கிராமப் பள்ளிகளுக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். பள்ளியில் சூரிய ஒளியில் ஓடும் கணினி. பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதிய மின்னஞ்சல் பெட்டியில் காத்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரர் பள்ளி வாசலுக்கு வருவார். வண்டியின் பின்னால் இருக்கும் கருவி கம்பியில்லாமலேயே கடிதங்களை வாங்கிக்கொள்ளும், வந்த கடிதங்களைக் கொடுத்துவிடும். நாள் முடிவில் வண்டி பான்லுங் பட்டணத்துக்குத் திரும்பியதும் துணைக்கோள் வழியாக எல்லாம் உலகத்துக்குப் போகும். கிராணியார் சொன்ன தபால் பை, பையனோடும் மோட்டார் சைக்கிளோடும் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்!

கடிகாரக் குறி

இது பழங்கதை, இப்போது கைப்பேசி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பள்ளிகளை மூடினோம். சபாவில் பித்தாஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவி இணையத்தில் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்ததை நாடே பார்த்தது. என் மாணவர்களும் கோயில் மேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடந்து போய்த்தான் வீட்டுப் பாடத்தை அனுப்பினார்கள். லயத்துக்குள் கைப்பேசியில் கோடு வராது. மேட்டில் இரண்டு கோடு வரும். கம்பி போய்க் காற்று வந்தாலும் அறுந்து அறுந்து வருவது மாறவில்லை.

அப்போது பெற்றோர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் கைப்பேசிக்குள்ளும் தபால் பை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கோடு இல்லாதபோது அனுப்பினால் செய்தியின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம் தெரியும். அது பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சரிக்குறி வந்தால் கைப்பேசியைவிட்டுப் போய்விட்டது. கிராணியாரின் 250 அதுதான். இரண்டு சரிக்குறி வந்தால் அடுத்தவர் கைப்பேசியில் சேர்ந்துவிட்டது. அவர் கைப்பேசி அணைந்திருந்தால் 30 நாள் வரை அந்தச் செய்தியை வைத்திருந்து கொடுப்பார்கள். மின்னஞ்சலிலும் அப்படியே. வாங்கும் கணினி படுத்துவிட்டால் அனுப்பும் கணினி உடனே கைவிடாது. நான்கைந்து நாள் வரைக்கும் விட்டுவிட்டு முயன்றுபார்த்து, அப்போதும் முடியாவிட்டால்தான் “போய்ச் சேரவில்லை” என்று உங்களுக்கே திருப்பி அனுப்பும்.

ஆகவே பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பமோ, வேலைக்கு மனுவோ, மருத்துவமனைக் கடிதமோ அனுப்ப வேண்டியிருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். கோடு வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிப் பெட்டியில் ஏற்றிவிடுங்கள். எழுத்து முன்னால் போகட்டும், படம் பின்னால் போகட்டும். படத்தைச் சிறிதாக்கி அனுப்புங்கள். மேட்டைவிட்டு இறங்கும் முன்பு கடிகாரம் மறைந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காத்திருக்கக் கற்றுக்கொண்டோம் என்பதற்காக நம் பிள்ளைகள் எப்போதும் காத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. பட்டணத்துப் பிள்ளைக்கு நாற்காலியில் கிடைப்பது தோட்டத்துப் பிள்ளைக்கு மரக்கிளையில்தான் கிடைக்கும் என்றால், அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தோட்டத்துக்கு வரும்போது கேளுங்கள். எழுதியே கொடுங்கள்.

லைன் வரும் நாள் நம் கையில் இல்லை. அது வரும் நேரத்தில் கடிதம் தயாராக இருப்பது நம் கையில் இருக்கிறது.